தலைவர் கார் கொதிக்கிறது

அதியமான்கோட்டை அருகே ஒரு கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. துருவேறிய வெந்நீரின் வாசனை மூக்கில் ஏறியதும் பெரியப்பாவின் அம்பாசடர் ஞாபகத்துக்கு வந்தது.

எண்பதுகளில் பெரியப்பா ஏதோ ஒரு சங்கத்துக்குத் தலைவர். அந்தச் சங்கத்தில் அவரைச் சேர்த்துப் பத்துப் பேர் இருந்திருந்தால் அதிசயம். ஆனாலும் காரின் முன்பக்கக் கம்பி வலை முழுவதையும் மறைத்து, 'தலைவர்' என்று பெரிய தகரப் பலகை மாட்டியிருந்தார். ரேடியேட்டருக்குக் காற்று எப்படிப் போகும்? சித்திரை வெயிலில் பென்னாகரத்துக்குக் கிளம்பினால் பாதி வழியில் இண்டூரிலேயே கொதித்துப் புகை கக்கும். மகாராஜா கீழே இறங்க மாட்டார். பெரியம்மாதான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடத்தோடு கிணறு தேடிப் போக வேண்டும்.

ஒருநாள் பெரியம்மா மெதுவாகக் கேட்டார். "அந்தப் பலகையக் கழட்டிப் பாத்தா என்னங்க? கொஞ்சம் காத்து போவுமில்ல?"

"அதக் கழட்டிட்டா எவன்டி நம்மள மதிப்பான்? வெயிலு அப்பிடி, அதான் கொதிக்குது. போயி தண்ணி கொண்டா."

கடைசியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் எஞ்சின் அடியோடு படுத்துவிட்டது. இரண்டு மாடுகளைப் பூட்டிக் காரை ஊருக்குள் இழுத்து வந்தார்கள். மாடுகளுக்குப் பின்னால் 'தலைவர்' பளபளவென்று வந்தார்.

இன்றைய காரை நெருங்கிப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க ஒரு பதவிப் பலகை.

"என்னா வெயிலுங்க!" என்றார் உள்ளே உட்கார்ந்திருந்தவர்.

அவர் மனைவி காலி கேனோடு ஏற்கனவே நடக்க ஆரம்பித்திருந்தாள்.