தாமு சார் மூடாத விண்டோ

திங்கட்கிழமை காலை தரமணிக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது தகவல் வந்தது. தாமு சார் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். படித்து முடிப்பதற்குள் அதே போனில் அவரிடமிருந்தே ஒரு செய்தி: "எல்லா ரிப்போர்ட்டும் போய்ட்ச்சு." தினமும் காலை எட்டு மணிக்குச் சர்வர் அவர் பெயரில் தானாக அனுப்புவதுதான் அது. தெரிந்திருந்தும் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன்.

எங்கள் ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் சர்வர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கட்டி மேய்த்தவர் தாமோதரன். நான் சேர்ந்த மாதம், சர்வருக்குக் கட்டளை தட்டும் விண்டோவில், அது மூடும்வரை நினைவில் வைத்திருக்கும் ஒரு வேரியபிளில் டேட்டாபேஸ் முகவரியை வைத்துவிட்டு, நான் எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு ஏன் அது தெரியவில்லை என்று அரை நாள் முட்டிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தார். "ரேவதி, உனக்குள்ளயே சொல்லிக்கினா அதுக்கு எப்டிம்மா தெரியும்? எக்ஸ்போர்ட் போடு" என்றார். போட்டால்தான் அந்த விண்டோவிலிருந்து ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கும் அது போய்ச் சேரும்.

எங்களுக்குள் ஒரே சண்டை பாஸ்வேர்டைப் பற்றியது. ஃபைலில் எழுதினால் எவனாவது படித்துவிடுவான் என்று, டேட்டாபேஸ் பாஸ்வேர்டைச் சர்வரில் திறந்து வைத்த தன் விண்டோவில் ஒரு வேரியபிளாகக் கையால் தட்டி வைத்திருந்தார். ரிப்போர்ட் அனுப்பும் வேலையும் அங்கிருந்துதான் ஓடியது. விண்டோவை மூடினால் இரண்டும் போய்விடும். அதனால் மூடவே மாட்டார். நான் கத்தினால் சிரிப்பார். நல்ல மனிதர், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார்.

மந்தைவெளியில் அவர் வீட்டில் மாலை போட்டுவிட்டு மதியம் ஆபீஸுக்குத் திரும்பினேன். ஆறு மணிக்குள் அவருடைய லாகினை மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு காத்திருந்தது. வேலையை விட்டவரின் கணக்கை அன்றே மூடுவது வழக்கம். செத்தவருக்கென்று தனி விதி கிடையாது. லாகின் போனால் அவர் விண்டோவும் போகும். புது பாஸ்வேர்டு கொடுக்க வேண்டிய வெளி நிறுவனமோ மூன்று நாள் ஆகும் என்றது. மறுநாள் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் ரிப்போர்ட்டும் அனுப்ப வேண்டிய வரிசையில் இருந்தது.

ரிப்போர்ட் அனுப்பும் வேலையை என் விண்டோவில் ஓட்டிப் பார்த்தேன். பாஸ்வேர்டு காலி என்று நின்றுவிட்டது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சர்வரிடம் கேட்டேன். நானும் தாமோதரனும் என்றது. அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

அனுமதி வாங்கி அவர் விண்டோவைத் திறந்து, தெரிந்த வேரியபிளையெல்லாம் காட்டு என்றேன். வரிசையாக ஓடிய பட்டியலின் கடைசியில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "ரேவதி, நான் வரலன்னா, பாஸ்வேர்டு இதுலயே கீது. எழுதிக்கினு மூடு."

அவர் தட்டும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம் பதிவாகும். இதைத் தட்டியது வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. அப்போது அவர் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். வாயுத் தொல்லை, ஒரு சோடா வாங்கி வாம்மா என்றார். டீக்கடை பஜ்ஜியைத் திட்டிக்கொண்டே போய் வாங்கி வந்தேன். நான் போயிருந்த அந்த ஐந்து நிமிடத்தில் இதைத் தட்டியிருக்கிறார். மெஷினிடம் சொன்னதை என்னிடம் சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரி பத்து நிமிடம்தான். இந்தக் கோபம் எனக்குத் தீராது சார்.

வேறு யாரும் திறக்க முடியாத ஒரு ஃபைலில் பாஸ்வேர்டை எழுதி, அந்த வேலையை என் விண்டோவிலிருந்து ஓட்டினேன். ரிப்போர்ட்டெல்லாம் போனது. ஆறு அடிக்கும்போது அவர் விண்டோவில் எக்ஸிட் என்று தட்டினேன். என்டரை அழுத்த மட்டும் கை வரவில்லை. "எழுதிக்கிட்டேன் சார், கிளம்புங்க" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அழுத்த முடிந்தது.