என்ஜினை அணைக்கச் சொன்ன பலகை

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு நேரெதிரே என் தையல் கடை. பக்கத்தில் வளையலும் பொட்டும் விற்கும் ஃபேன்சி ஸ்டோர். அதை நடத்துகிறவள் என்னோடு பள்ளியில் படித்தவள். ஆள் ஏறி முடிக்கும்வரை பேருந்துகள் என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டே நிற்கும். புகை எங்கள் கடைகளுக்குள்தான் வரும். எனக்கு வீசிங் உண்டு. ஒருநாள் மூச்சு முட்டி, தைத்துக்கொண்டிருந்த மிஷின் மீதே கவிழ்ந்துவிட்டேன். ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவள்தான்.

"இத இப்படியே விடக் கூடாதுட்டி. முனிசிபாலிட்டில போயிக் கேப்போம், நானும் வாரேன்" என்று கட்டிலருகே நின்று சொன்னாள்.

இருவரும் போனோம். பேசியதெல்லாம் அவள்தான். சில வாரங்களில் பலகை வைத்தார்கள். நிற்கும் வண்டிகள் என்ஜினை அணைக்க வேண்டும், மீறினால் அபராதம். சுகாதார ஆய்வாளர் அவ்வப்போது வந்து ஓட்டுநர்களை அதட்டிவிட்டுப் போனார். முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார்கள். ரோட்டில் பூ விற்கிறவள் பேரம் பேசுவது என் கடைக்குள் கேட்டது. தைத்த வெள்ளைச் சட்டைகளைத் தைரியமாக வாசலில் தொங்கவிட்டேன்.

பிறகு ஓட்டுநர்கள் பலகையைத் தாண்டி, தள்ளிப் போய் நிறுத்த ஆரம்பித்தார்கள். கூட்டமும் அங்கே போய்விட்டது. துணி தைக்கக் கொடுக்கிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் கிளிப் வாங்குகிறவர்கள் யாரையும் தேடி வர மாட்டார்கள். அவள் கடை வெறிச்சோடியது. அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருநாள் காலையில் கடை திறக்க வந்தால் பலகையைக் காணோம். பேருந்துகள் பழைய இடத்திலேயே உறுமிக்கொண்டு நின்றன. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

"வேண்டாம்னு சொன்னதும் நீங்க, இப்ப கேக்கறதும் நீங்களா?" என்றார் ஆய்வாளர். "உங்ககூட வந்தவங்க சொன்னாங்களே, தையல் கடை அம்மாவுக்கும் சம்மதம்தான், அவங்களுக்கு உடம்பு நல்லாயிருச்சுன்னு."

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். "முதல்ல ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

அவள் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நல்லாயிருச்சுன்னு உனக்கு யாருட்டி சொன்னா?"

நிமிரவில்லை. "யாவாரமே இல்ல. என்ன செய்யச் சொல்லுத?"

"அத எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீ ஒத்துக்கிட மாட்ட."

ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று தெரிந்துதான் எனக்கும் சேர்த்து அவளே சரி சொல்லியிருக்கிறாள். அன்று மூச்சு முட்டி என் உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்தவள். கடை படுத்துவிட்டது என்று என்னிடம் அழுதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக்கூட அவள் விடவில்லை.

தனியாகப் போய் மறுபடி மனுக் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள். பலகை வரவில்லை. மிஷினைப் பின்னறைக்கு நகர்த்திவிட்டு, பகலிலும் விளக்கைப் போட்டுத் தைக்கிறேன்.

"சாப்பிட்டியாட்டி?" என்று இன்றும் கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். முன்பெல்லாம் வெளியே போனால் கடையை அவள் பார்வையில் விட்டுப் போவேன். இப்போது டீ குடிக்கப் போனால்கூட ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கும். தெரிந்தேதான் இழுக்கிறேன்.