சக்களத்தியின் பிரேக்

தையல்காரம்மாவுக்கு நேரில் நன்றி சொன்னால் பிடிக்காது. "சரி சரி, கையை நீட்டுங்க, அளவெடுக்கணும்" என்று பேச்சை வெட்டிவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அங்கே போனேன். நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, வீடு வீடாகப் போய் வேலை பார்ப்பவள் நான். அவர் ஆயுள் முழுக்க டிரைவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்துவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதையும் அவர் திறப்பதில்லை. டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார்: இப்போதே காலுக்கு வேலை கொடுத்தால் கொஞ்சமாவது திரும்பும், படுத்தே கிடந்தால் இப்படியே இறுகிவிடும்.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் காலைத் தூக்கி மடக்கி நீட்டுவேன். மரக்கட்டையைத் தூக்குவது போலத்தான் இருக்கும். "பாதத்தால என் கையை அழுத்துங்க" என்றால், "எதுக்கு?" என்பார். எத்தனையோ பேரை அதட்டியும் கெஞ்சியும் நடக்க வைத்திருக்கிறேன். இந்த "எதுக்கு?" மட்டும் என்னை மடக்கிவிட்டது. வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய கார் நின்றது. உருண்டை விளக்கும் தடித்த கதவும் கொண்ட அந்தக் காலத்து வண்டி. அவருடைய முதலாளி கடைசியில் அவருக்கே கொடுத்துவிட்டுப் போனது. அதை அவர்தான் துடைப்பார், அவர்தான் ஓட்டுவார், இன்னொருத்தர் தொடக்கூடாது. தையல்காரம்மா அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்திருந்தாள்.

"எனக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திரை வாங்கிக் குடுப்பார், சிஸ்டர். அவளுக்கு ஒரு சத்தம் வந்தா இவருக்குச் சாப்பாடு இறங்காது."

ஒரு நாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும், கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"கட்டிலைக் கொட்டகை தெரியற ஜன்னல் பக்கம் தள்ளணும், ஒரு கை பிடிங்க. சக்களத்தி மேல கை வைக்கப் போறேன். பிரேக் கிறீச்சிடுது, மிதிச்சா அடிவரைக்கும் போகுது. படுக்கறதுக்கு முன்னாடியே பார்க்கணும்னு சொல்லிட்டிருந்தார்."

"உங்களுக்கு கார் வேலை தெரியுமா?"

"சுத்தமா தெரியாது. அதுதான் நல்லது. நான் கெடுக்கறதைப் பார்த்தா திட்டறதுக்காவது எழுந்திருப்பார்."

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமே?"

"அவன் ஒழுங்கா செஞ்சுட்டா இவர் ஏன் எழுந்திருக்கணும்?"

இதில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. கட்டிலைத் தள்ளினோம். "எதுக்கு இழுக்கறீங்க?" என்றார் அவர். "காத்து வரட்டும்" என்றாள் அவள்.

அடுத்த தெரு மெக்கானிக் ஜாக்கியையும் ஸ்டாண்டுகளையும் இரவல் கொடுத்து, எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். அவள் சக்கரத்தைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த டிரம்மைத் தட்டித் தட்டி எடுத்தாள். உள்ளே பிறை போல வளைந்த இரண்டு ஷூக்கள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். மிதித்தால் ஷூக்கள் விரிந்து டிரம்மில் உரசும், வண்டி நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

கெடுப்பாள் என்று பார்த்தால், அந்த மகராசி கெடுக்கவே இல்லை. ஒரு பக்கத்தைப் பிரிக்கும்போது மறுபக்கத்தைத் தொடவில்லை. "சட்டைக்கு ஒரு கையை வெட்டும்போது மறு கை மாதிரிக்கு இருக்கணும் சிஸ்டர். ரெண்டையும் பிரிச்சா எது இடது எது வலதுன்னு யார் சொல்றது?" என்றாள். கழற்றிய ஒவ்வொன்றிலும் தையல் சாக்பீஸால் குறி போட்டாள். விரலுக்கு அடங்காத ஸ்பிரிங்கை ஒரு தடித்த நாடாவைக் கோத்து இழுத்து மாட்டினாள். ஜன்னலில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"வாயே திறக்க மாட்டேங்கறாரே" என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

"நீங்க இவ்வளவு நல்லா செஞ்சா எப்படித் திறப்பார்?"

அழுக்கைத் துடைத்து, பழைய ஷூக்களையே திரும்ப மாட்டி, டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தாள். கிறீச்சென்றது. தையல்காரி கையில் எது கிறீச்சிட்டாலும் ஒரே மருந்துதான். கத்தரிக்கோல், கதவு, மெஷின் எல்லாவற்றுக்கும் அதுதான். மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தாள். டிரம்மைக் கழற்றி, ஷூ உரசுகிற முகம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. அக்கறையோடு, ஒரு இடம் விடாமல் விட்டாள்.

"அடிப்பாவி!"

தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

"பிரேக்குக்கு எண்ணெய் விட்டா வண்டி எங்கடி போய் நிக்கும்? சமுத்திரத்துலயா? உரசினாத்தான் நிக்கும்! உரசற இடத்துல போய் எண்ணெயை ஊத்தறியே!"

அவள் முகம் செத்துப்போனது. குப்பியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன். இடது முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தார். சத்தம் போடாமல் உள்ளே போய், முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணைகளை வைத்தேன். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"சரி, இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

"எண்ணெய் குடிச்ச ஷூ உதவாது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு. டிரம்மை நல்லா கழுவு. நாலு சக்கரத்துக்கும் உள்ளே இருக்கற ரப்பரையும் மாத்து. பிரேக் ஆயில் கசியறதே அதுலதான்."

அன்றிலிருந்து அவர் ஜன்னலில் உட்கார்ந்து விரட்ட, அவள் கீழே உட்கார்ந்து வேலை செய்தாள். உட்கார்ந்தது வரைக்கும் எனக்கு லாபம். ஆனால் காலை மட்டும் அசைக்கவில்லை.

கடைசியாகக் குழாயில் இருந்த காற்றை எடுக்க வேண்டியிருந்தது. பிரேக் ஆயில் ஓடும் குழாயில் காற்று நின்றால், மிதிக்கும்போது பஞ்சு மாதிரி அமுங்கும், பிடிக்காது. இது எனக்குப் புரிந்தது. டிரிப் ஏற்றும் முன் குழாயில் குமிழி பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. காற்று வெளியே வருவதைப் பார்க்க, என் பையில் இருந்த புது டிரிப் குழாயை எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் மிதித்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள திருகைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். மிதிக்க நான் உட்கார்ந்தேன். என் கால் குட்டை, எட்டி எட்டி மிதித்தேன். அவள் மூடும் முன்பே நழுவிவிட்டது.

"சிஸ்டர்! காத்து திரும்ப உள்ளே போயிடுச்சு!"

மறுபடியும் நழுவியது.

"அந்தம்மாவை இறக்குடி. நான் வரேன்."

சக்கரத்தடியில் சாக்கின் மேல் படுத்திருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "வந்தா வாங்க. என் கையெல்லாம் எண்ணெய், தூக்க முடியாது."

வண்டி தரையில் இறங்கி, சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து நின்றது. இல்லாவிட்டால் நான் அவரை ஏற விட்டிருக்க மாட்டேன். சக்கர நாற்காலியில் கொண்டுவந்து சீட்டுக்கு மாற்றினேன். இடது கையால் வலது காலைத் தூக்கி அவரே பெடலில் வைத்தார்.

"மிதிங்க" என்றாள் அவள்.

மிதித்தார். காற்று இருந்ததால் பெடல் பஞ்சாக இருந்தது, அந்தக் காலுக்கே அமுங்கியது. குழாயில் குமிழிகள் வந்தன. காற்று போகப் போகப் பெடல் கெட்டியானது. ஒவ்வொரு சக்கரமாக முடிய முடிய, இன்னும் கொஞ்சம் பலமாக மிதிக்க வேண்டியிருந்தது. இதைவிடப் பக்குவமாக ஒரு பயிற்சியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. கடைசிச் சக்கரத்தில் அவர் நெற்றி வேர்த்து, தொடை நடுங்கியது. காலை எடுக்கவில்லை.

"பிடிக்குதா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"பிடிக்குது."

"பிரேக்கா, காலா?"

"ரெண்டும்தான், போடி."

அதன் பிறகு "எதுக்கு?" என்று அவர் என்னைக் கேட்டதில்லை. மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வண்டி தெருவுக்கு இறங்கியது. அவளுக்கு முன்பே லைசென்ஸ் உண்டு, சக்களத்தியின் ஸ்டியரிங்கைத்தான் அவர் தந்ததில்லை. இப்போது தந்தார். அவர் முழுதாகத் தேறவில்லை. கம்பு வேண்டும், கால் கொஞ்சம் இழுக்கும். ஆனால் கழிவறைக்கு யார் துணையும் இல்லாமல் போகிறார். என் தொழிலில் அது பெரிய வெற்றி.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், இவர் எதை அடுத்தவர் தொட்டால் பொறுக்க மாட்டார் என்று முதலில் விசாரித்து வைத்துக்கொள்கிறேன். மிக்ஸியை மருமகள் தப்பாகக் கழுவுவதைப் பார்த்தே எழுந்து உட்கார்ந்த அம்மா ஒருத்தி உண்டு.

போன மாதம் எனக்குக் கண் அறுவை. ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றேன். கேட்காமல் இருவரும் வந்து நின்றார்கள். அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில், நான் பின்னால். ஒவ்வொரு திருப்பம் வரும்போதும் அவருடைய வலது முழங்கால் எழுந்து, பாதம் தரை விரிப்பை அழுத்துவது என் மங்கல் கண்ணுக்கே தெரிந்தது.

"நான்தான் மிதிக்கறேனே, நீங்க எதுக்கு மிதிக்கறீங்க?"

"நீ லேட்டா மிதிக்கற."

"நல்லா அழுத்துங்க, இன்னும் அழுத்துங்க" என்றேன் நான்.

"சிஸ்டர், நீங்க யார் கட்சி?"

"அந்தக் கால் கட்சி."

அவள் சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலில் பிரேக்கை மிதித்தாள். அவரும் மிதித்தார். வண்டி குலுங்காமல் நின்றது.