கால் டம்ளர் மிச்சம்

பாண்டிச்சேரியில் ஓர் ஓட்டல் பாரில் எனக்கு வேலை. ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு என்று எல்லாவற்றையும் அவுன்ஸ் கணக்கில் அளந்து, குலுக்கி, வடிகட்டிக் கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் குடித்தார்கள். வெள்ளைக்காரர்கள் மாதிரி உட்கார ஆசைப்பட்ட நம்மவர்களும் குடித்தார்கள். நான் குடிப்பதில்லை. ஊரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பவைக்க மெனக்கெட்டதில்லை.

ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும். அப்பா அங்கே விளைச்சலில் பங்கு என்று பேசி வாரத்துக்கு நிலம் எடுத்து நெல் வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் போய்ச் சாராயம் வாங்கி வருவார். அடிவாரத்தில் காய்ச்சி, லாரி ட்யூபில் ஊற்றி, தோளில் போட்டுக்கொண்டு வருகிற சரக்கு. அங்கேயே நின்று குடிக்கிற பழக்கம் அவருக்கில்லை. பாட்டிலில் வாங்கி வந்து, வீட்டில் சுவரோரம் உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடிப்பார். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. அதனாலேயே அவரைக் கண்டிக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் அதே ஏரிக்கரைச் சரக்கைக் குடித்து ஒரே ராத்திரியில் பார்வையை இழந்தார். நாற்பது வயசு இருக்கும். நான் லீவில் வரும்போதெல்லாம் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, காலடிச் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார். அப்பா அவரை நலம் விசாரித்துவிட்டு அப்படியே ஏரிக்கரைக்குப் போவார். எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவின் கண்ணை நினைத்து ஐந்து வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

சொல்லிப் பார்த்தாயிற்று. கெஞ்சியும் பார்த்தாயிற்று. கடைசியில், குடிக்காதீர்கள் என்று சொல்வதை விட்டுவிட்டு, நல்லதாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அரை பாட்டில் ரம்மை வேட்டிக்குள் சுற்றிப் பையின் அடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் லீவில் கிளம்பினேன். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் சாலை மறியல் தொடங்கிவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்கள் முழுக்கப் போராட்டம் நடந்த காலம் அது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, சங்கராபுரத்தில் கடைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை. மூன்று நாள் லீவு தானாகவே நீண்டது. ஆனால் ட்யூப் சாராயம் ஒருநாளும் நிற்கவில்லை. வரப்பில் நடந்து வருகிறவனை எந்த மரம் தடுக்கும்?

முதல் நாள் டாய்கிரி போட்டேன். ரம், எலுமிச்சை, சர்க்கரை, அவ்வளவுதான். ஐஸுக்கு வழியில்லை, பானைத் தண்ணீர்தான். குலுக்க மூடி போட்ட தூக்கு. அளக்க டானிக் பாட்டிலோடு வந்த சின்னக் கிளாஸ். ஒரு நாளைக்கு இரண்டு அவுன்ஸ் என்று வைத்துக்கொண்டேன். நான் தூக்கைத் தோளுக்கு மேலே பிடித்துக் குலுக்குவதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, மோர் கடையிற?"

"குடிச்சிப் பாருங்கப்பா."

குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால் டம்ளரை மிச்சம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

பாரில் மிச்சம் வைத்த கிளாஸ் என்றால் புகார் என்று அர்த்தம். புளிப்பு ஜாஸ்தி என்று நினைத்து, மறுநாள் எலுமிச்சையைக் குறைத்து வெல்லப் பாகு சேர்த்தேன். அன்றும் கால் டம்ளர் மிச்சம். மூன்றாம் நாள் அம்மா வளர்க்கிற கோழியின் முட்டையை உடைத்து ஊற்றி, நுரை வர அடித்து, மேலே ஜாதிக்காய் உரசிப் போட்டேன். எங்கள் பாரில் அதற்கு ஃப்ளிப் என்று பெயர். பிள்ளை பெற்றவளுக்கு பிராந்தியில் முட்டை அடித்துக் கொடுப்பார்களே, அதுதானே இது என்றார் அப்பா. அன்றும் கால் டம்ளர் மிச்சம். எனக்கு எரிச்சலாக வந்தது. பெரிய ஓட்டலுக்கு வருகிறவர்கள் காலி பண்ணிவிட்டு இன்னொன்று கேட்கிறார்கள், இவருக்கு இறங்கவில்லை. இறங்காவிட்டால் ஏரிக்கரைக்குத்தான் போவார் என்பதுதான் பெரிய கவலை.

நான்காம் நாள் மழை தூறியது. ரம்மில் இஞ்சியும் வெல்லமும் கொதிக்கவைத்த தண்ணீரும் சேர்த்துச் சூடாகக் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு எலுமிச்சை பறிக்கத் தோட்டத்துப் பக்கம் போனேன். அம்மா தொட்டிக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் அப்பாவின் டம்ளர். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். டம்ளரைச் சாம்பல் போட்டுத் துலக்கத் தொடங்கினாள்.

அம்மா குடிப்பதை நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் டம்ளரை அம்மாவே உடனுக்குடன் துலக்கி வைப்பதை மட்டும் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். அருவருப்பு, வீட்டில் நாற்றம் இருக்கக் கூடாது என்று நினைக்கிறாள் என்று நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

அம்மா பதறவில்லை. "நாத்து நட்டுட்டு வந்தா இடுப்பு வுட்டுப்பூடும். ஒரு வாய் மிச்சம் வெச்சிட்டுப் போவாரு. நீ பொறக்கறதுக்கு மின்னாடிலேர்ந்து அப்பிடித்தான்."

"சாராயத்தயா?"

"அவரு இன்னா குடிக்கிறாரோ அதான்."

அவர் சாப்பிட்ட இலையில்தான் அம்மா சாப்பிடுவாள். அந்தக் கணக்கிலேயே இதுவும் வந்திருக்கிறது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் கயிற்றுக் கட்டில்காரர் நினைவுக்கு வந்தார். ஒரு ஜோடிக் கண்ணுக்காக ஐந்து வருஷம் பயந்திருக்கிறேன். இரண்டு ஜோடி இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் நான் என்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தேன். இரண்டு அவுன்ஸை இரண்டாகப் பிரித்து, இரண்டு டம்ளரில் கலந்து, ஒன்றை அப்பாவுக்கும் ஒன்றை அம்மாவுக்கும் முன்னால் வைத்தேன்.

அம்மா டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்குன்னு தனியா ஊத்திக் குடிக்க நான் இன்னா குடிகாரியா?"

அப்பா தன் டம்ளரை எடுத்தார். அம்மாவுக்குத் தனியாக இருக்கிறதே என்று முழுசாகக் குடித்துவிட்டார். பிறகு காலி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனார். பாட்டிலோடுதான் திரும்பி வந்தார். அம்மாவின் பங்கை நானே வாய்க்காலில் கொட்டினேன். அந்த வாரத்தில் நான் செய்த முட்டாள்தனம் அது ஒன்றுதான், ஆனால் பெரியது.

ஆறாம் நாள் பழையபடி ஒரே டம்ளரில் இரண்டு அவுன்ஸ் போட்டேன். கால் டம்ளர் மிச்சம் வந்தது. அம்மா அதை உள்ளே கொண்டுபோனாள். அப்பா வெளியே போகவில்லை. ரம் அதோடு தீர்ந்துவிட்டது.

ஏழாம் நாளும் மரங்களை அகற்றவில்லை. பொழுது சாய்வதற்குள் அப்பா துண்டை எடுத்தார், மாடத்திலிருந்து காலி பாட்டிலையும் எடுத்தார். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதுவரை ஒருநாளும் அவரைத் தடுத்ததில்லை. அன்றைக்குத் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"போவாதீங்க. புள்ள போட்டுக் குடுக்கும்."

போட எதுவும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். முந்தின நாள் காலி பாட்டிலைக் கழுவி மாடத்தில் வைத்தவளே அவள்தான். அப்பா படியில் நின்றார். நான் எழுந்து தூக்கை எடுத்தேன். எலுமிச்சை, வெல்லப் பாகு, தட்டிய இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு, பானைத் தண்ணீர். ரம்முக்கு எவ்வளவு நேரம் குலுக்குவேனோ அதே நேரம் குலுக்கினேன்.  டம்ளரில் ஊற்றி அப்பாவுக்கு முன்னால் வைத்தேன்.

அப்பா உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். முப்பது வருஷமாகக் குடிக்கிறவர், நாக்கில் பட்டவுடனே தெரிந்திருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னிக்கு கொஞ்சம் கம்மியா கீது" என்றார்.

 மெதுவாகக் குடித்தார், அதிலும் கால் டம்ளர் மிச்சம் வைத்தார். வழக்கம் போலக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகவில்லை. "இந்தா" என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மா முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, என் எதிரிலேயே, படியில் உட்கார்ந்தபடியே குடித்தாள்.

மறுநாள் மரங்களை அகற்றினார்கள். நான் பாண்டிக்குத் திரும்பினேன். அதன் பிறகு மாதம் ஒரு தடவை அரை பாட்டில் கொண்டுவந்து கொடுத்தேன். இடைப்பட்ட நாட்களில் அப்பா ஏரிக்கரைக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை, பல வருஷம் கழித்து அம்மாதான் சொன்னாள். இரண்டு தடவை போனாராம். அந்த இரண்டு நாளும் அவர் வைத்த மிச்சத்தை அவள் தொடவில்லையாம். டம்ளர் விடிகிற வரை சுவரோரம் அப்படியே இருந்ததாம். மூன்றாம் தடவை அவர் போகவில்லை.

இதைச் சொல்லும்போது அம்மா என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூலை அவளே கோத்தாள்.