இளவரசி யாரைப் பார்த்தாள்

இளவரசிக்குக் குதிரைக்காரனைத்தான் பிடிக்கும் என்று அம்மா சொன்னாள். தளபதியைத்தான் பிடிக்கும் என்று மாமா சொன்னார். ஒரு கோடை முழுக்க எங்கள் வீட்டில் இந்த வழக்கு நடந்தது. இரண்டு பேரும் ஒரே படத்தைக் காட்டித்தான் வாதாடினார்கள்.

அது ஒரு வாரப் பத்திரிகையில் வந்த படக்கதை. கட்டம் கட்டமாகப் படம் போட்டு அடியில் இரண்டு வரி எழுதியிருக்கும். மாமா புதுக்கோட்டைச் சந்தைக்குப் போகிற நாளில் அதை வாங்கி வருவார். அப்பா சிலோனுக்குப் போனவர் போனவர்தான் என்பதால் நானும் அம்மாவும் அம்மாவின் அண்ணனான அந்த மாமா வீட்டில்தான் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்போது கல்யாணமாகாமல் அங்கே இருந்தாள். மாமா சத்தமாக வாசிப்பார். நாங்கள் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு படம் பார்ப்போம்.

தளபதியிடம் வாளும் மீசையும் அரண்மனையும் இருந்தன. குதிரைக்காரனிடம் குதிரைகூடச் சொந்தமாக இல்லை. இளவரசி வாயைத் திறந்து எதையும் சொல்லமாட்டாள். கடைசிக் கட்டத்தில் அவள் முகத்தை மட்டும் பெரிதாகப் போட்டு, அவள் மனத்தில் யார் என்று கேட்டு முடித்துவிடுவார்கள்.

ஒரு வாரம் தளபதி அவளுக்கு முத்துமாலை கொடுத்தான். கடைசிக் கட்டத்தில் அவள் கன்னத்தில் ஒரு துளி இருந்தது.

"அழுகுறா பாரு" என்றாள் அம்மா.

"அது சந்தோசத்துல வர்ற கண்ணீரு" என்றார் மாமா.

"சந்தோசத்துல எவளாச்சும் ஒதட்டக் கடிப்பாளாண்ணே?"

"ராசா வீட்டுப் பொண்ணு எப்புடி அழுகும்னு நீ போயிப் பாத்துட்டு வந்தியாக்கும்."

மறுநாள் தையல்காரர் வீட்டுப் பத்திரிகையை எட்டிப் பார்த்தேன். அதில் இளவரசியின் கன்னம் சுத்தமாக இருந்தது. எங்கள் பத்திரிகையில் இருந்தது அச்சு மை. ஓடிவந்து சொன்னேன். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவுக புஸ்தகத்துக்கு மை பத்தாமப் போயிருக்கும்" என்றார் மாமா. அம்மாவும் அதற்குத் தலையாட்டினாள். அந்தக் கோடையில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சித்தி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எல்லோரும் பார்த்து முடித்த பிறகு பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் உட்கார்ந்து பார்ப்பாள். "யாரைப் பிடிக்கும் சித்தி?" என்று கேட்டால், "அவ சொன்னாத்தானே தெரியும்" என்பாள்.

சித்தியையும் இரண்டு இடத்தில் கேட்டு வந்திருந்தார்கள். ஒருவர் திருவரங்குளத்தில் இருந்த அவளுடைய அத்தை மகன். கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு, ஒரு பசு. அம்மா அவர் பக்கம். இன்னொருவருக்குப் பொன்னமராவதியில் பலசரக்குக் கடை. மாமா அவர் பக்கம். இதெல்லாம் எனக்குத் தெரியும். இளவரசி வழக்குக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பதுதான் தெரியாது.

எனக்கு இருந்த கவலை வேறு. திருவரங்குளத்துக்கு நான் நடந்தே போய்விடலாம். பொன்னமராவதிக்குப் புதுக்கோட்டை போய் பஸ் மாற வேண்டும். எனக்கு யார் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள்? சித்திதான் எனக்குப் பேன் பார்த்தாள். கஞ்சி குறைந்த நாளில் தன் சட்டியிலிருந்து எனக்கு ஊற்றினாள். அவள் தூரத்துக்குப் போய்விட்டால் இதையெல்லாம் யார் செய்வார்கள்?

சித்தியின் மனத்தைக் கண்டுபிடிக்க நான் படக்கதையிடம் போனேன். பழைய இதழ்களை எல்லாம் பரப்பிவைத்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. தளபதி வந்தால் இளவரசி நிமிர்ந்து பார்க்கிறாள். குதிரைக்காரன் வந்தால் தரையைப் பார்க்கிறாள். அவளுக்குக் குதிரைக்காரனைத்தான் பிடிக்கும் என்று அம்மா சொன்னதையே நானும் மாமாவுக்குத் தெரியாமல் நம்பினேன். ஆக, பிடித்தவனைப் பெண்கள் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த வாரமே திருவரங்குளத்துக்காரர் வந்தார். சித்தி நேராக அவர் முகத்தைப் பார்த்து, "வாங்க, இங்கிட்டு நெழலுக்கு வாங்க. மாடு கன்னு போட்டுருச்சா?" என்று கேட்டாள். சிரிக்கவும் செய்தாள். அப்புறம் பொன்னமராவதிக்காரர் பெண் பார்க்க வந்தார். அவர் காப்பி குடித்து எழுந்து போகிற வரைக்கும் சித்தி தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்படியானால் அவள் மனத்தில் இருப்பது பொன்னமராவதிக்காரர்தான்.

மாமாவும் அம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று ஆனது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் வாழையிலையில் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போடுவார் பூசாரி. வயசுக்கு வராத பெண் பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பொன்னமராவதி, சிவப்பு வந்தால் திருவரங்குளம். எடுக்கப்போகிறவள் நான்.

பழகிக்கொள்ளலாம் என்று சித்தியை மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். முதலில் இளவரசிக்குப் பார்ப்போம் என்றேன். சித்தி சிரித்துக்கொண்டே மல்லிகையை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் கட்டி வைக்கோல் மேல் போட்டாள். குனிந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சித்தி, இது வெள்ளை. மல்லிகை வாசம் வருது."

அவள் நம்பவில்லை. இன்னும் இறுக்கிக் கட்டினாள். மாற்றி மாற்றிப் போட்டாள். ஒரு தடவைகூட எனக்குத் தப்பவில்லை. பெருமை தாங்காமல் சொன்னேன்: "ஒனக்கு எது வேணும்னு சொல்லு சித்தி. அதையே எடுத்துத் தாரேன்."

சித்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னையே பார்த்தாள். படக்கதையின் கடைசிக் கட்டத்தில் வருகிற முகம் போல இருந்தது.

"இதை யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

அவ்வளவுதான். எது வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லை. கோயிலுக்குப் போகிற நாள்வரை நான் அவள் பின்னாலேயே திரிந்தேன். ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று வாயையே பார்த்தேன். அவள் சொல்லாவிட்டால் நான்தானே முடிவு செய்ய வேண்டும்? எனக்கு வேண்டியது சிவப்பு. அவளுக்கு வேண்டியது, என் கணக்குப்படி, வெள்ளை.

கோயிலுக்குப் போகிற அன்று காலையில் சித்தி எனக்குத் தலைக்கு ஊற்றிச் சடை பின்னினாள். பிறகு மல்லிகை வைத்தாள். ஒரு சரம் இரண்டு சரம் இல்லை, வீட்டில் கட்டியிருந்த பூ பூராவையும் வைத்தாள். சடையைச் சுற்றி, காதுக்கு மேலே, கன்னத்தில் தொங்குகிற மாதிரி.

"ஏண்டி, கல்யாணம் ஒனக்கா அவளுக்கா?" என்றாள் அம்மா.

"சின்னப் புள்ளைதானேக்கா, ஆசைக்கு வச்சுக்கிறட்டும்."

பூசாரி பொட்டலங்களைப் போட்டார். நான் மண்டியிட்டு மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். இதிலும் மல்லிகை மணந்தது, அதிலும் மல்லிகை மணந்தது. என் தலையிலிருந்து வருகிற வாசம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. திரும்பிச் சித்தியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்க்கவில்லை. நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடு ஆத்தா, எம்புட்டு நேரம்?" என்றார் மாமா.

கைக்கு வந்ததை எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

"பாரு, கல்யாணப் பொண்ணு மொகம் எப்புடி மலந்துருச்சு!" என்றார் மாமா.

"மலந்துச்சா? கண்ணு கலங்கி நிக்கிறா, அதுவும் ஒனக்குச் சிரிப்பாத் தெரியுதாண்ணே?" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் ஒரே முகத்தைத்தான் பார்த்தார்கள். நானும் பார்க்க நினைத்தேன். அதற்குள் எனக்கு அழுகை வந்து ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

ஆவணியில் சித்தி பொன்னமராவதிக்குப் போனாள். படக்கதையும் அந்த மாதம்தான் முடிந்தது. இளவரசி தளபதிக்கு மாலை போட்டாள். படம் போடுகிறவன் மாமாவுக்கு வேண்டியவன் என்று அம்மா சொன்னாள்.

பிறகு நடந்தவை நல்லதாக இல்லை. பொன்னமராவதிக் கடை தீப்பிடித்து எரிந்தது. சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து படுத்தார். திருவரங்குளத்துக்காரர் கிணறு வெட்டி, மோட்டார் போட்டு, காரை வீடு கட்டினார். அந்தச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் சண்டை நடக்கும். சண்டை முற்றினால் என்னிடம் வந்து நிற்கும்.

"இந்தக் கைதான எடுத்துச்சு" என்பாள் அம்மா.

"எனக்கு என்ன தெரியும்? பொட்டலம் மூடியில்ல இருந்துச்சு" என்பேன். அது உண்மை. சொல்லிவிட்டுப் போய் நன்றாகத் தூங்குவேன்.

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பதினாலு வயதில் பருத்தி எடுக்கப் போகிற கூட்டத்தோடு முதல் தடவையாக ஊரைவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு நான் ஓரிடத்தில் தங்கியதில்லை. அந்த முதல் பயணத்தில் பொன்னமராவதியில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சித்தி வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்பு. என்னைப் பார்த்ததும் பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அன்னைக்கு ஒனக்கு எதுதான் வேணும்னு இருந்துச்சு சித்தி?"

அவள் வடைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். "அன்னைக்கு ஒன் தலையில எம்புட்டுப் பூ வச்சேன், ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? கழுத்தெல்லாம் அரிச்சுச்சு. ஒனக்குன்னு ஒரு கிள்ளுகூட வச்சுக்கிறலையே நீ."

சித்தி சிரித்தாள். காகிதத்தில் வடையை மடித்து என் கையில் வைத்தாள். "பஸ்ஸு பொறப்படுது, ஓடு" என்றாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டாளே என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன்.