மடியில் டீசல் கேன்

ஆபரேஷன் முடிந்த மனைவியைக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து பன்வில வீட்டுக்குக் கூட்டிவந்த வெள்ளிக்கிழமை, ஏற்றத்தில் என் பழைய டீசல் வேன் திணறி நின்றுவிட்டது.

ஜும்மா தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றார். பாதி நரைத்த தாடி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம்.

"என்ன கரச்சல் தம்பி?"

"மட்டத்துல ஓடுது நானா. ஏத்தத்துலதான் இழுக்க மாட்டேங்குது. பில்டரும் புதுசு."

பக்கத்துக் கடையில் ஒரு குழாய் வாங்கிவந்தார். சீட்டுக்கு அடியில்தான் எஞ்சின். நான் வைத்திருந்த டீசல் கேனிலிருந்து அதற்கு நேரே குழாயைக் கொடுத்துவிட்டு, கேனை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார்.

"இப்ப எடுங்க."

வேன் சுலபமாக ஏறியது.

"எஞ்சின் நல்லா ஈக்கி. டாங்கிலேந்து டீசல் இழுக்கிற பம்புதான் வீக்."

"ஜும்மா தவறிருமே நானா, இறங்கிக்கங்க."

"இன்னும் ஏத்தம் ஈக்கே. நான் ஜும்மாவுக்குப் பதிலா லுஹர் தொழுதுக்குவன். போங்க."

எஞ்சின் சத்தம் தணியும்போதெல்லாம் கேனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

"நீங்க கராஜ் வேலையா நானா?"

"இல்ல, துணிக்கடை. இப்பிடி ஒரு வேன் என்கிட்டயும் ஈந்திச்சி."

எங்கள் வாசலில் இறங்கியபோது சாரத்தின் முன்பக்கம் முழுக்க டீசல். தேநீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

வெள்ளைத் துணியில் டீசல் கறை போகாது என்பது ஒரு துணிக்கடைக்காரருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?