பதினைந்து முறை வரவேற்றார்

எப்போதும் வாய் திறக்காதவள் இந்த வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள்.

இன்று வலங்கைமான் ஆங்கில வகுப்பில் எனக்கு ஜோடியாக வந்தவர் எங்கள் ஊர் மிராசுதார் மகன். விசா நேர்காணலுக்காகப் படிக்கிறார்.

"எங்க குத்தகைக்காரன் பொண்ணுகிட்டயா நான் இங்கிலீஷ் பேசணும்?" என்று எல்லோருக்கும் கேட்கச் சிரித்தார்.

விருந்தாளியை வரவேற்கும் பயிற்சி. நான் விருந்தாளி, தப்பைத் திருத்துவதும் நான்தான்.

"ப்ளீஸ் கம் இன், மேக் யுவர்செல்ஃப் அட் ஹோம்."

"சரியா வரலைங்க. இன்னொரு தடவை."

பதினைந்து முறை சொல்ல வைத்தேன். முதல் முறையே சரியாகத்தான் சொன்னார்.

இருபது வருடமாக அவர்கள் வயலை உழும் அப்பா, அந்த வீட்டுக் கொல்லைக் கதவருகே நின்றுதான் பேசியிருக்கிறார்.

மிராசுதார் வீட்டு அண்ணே, நீங்களும் இதைப் படிப்பீங்கன்னு தெரியும். ஞாயிற்றுக்கிழமை குத்தகை பேச அப்பா உங்க வீட்டுக்கு வர்றாங்க. ஒரே ஒரு தடவை, அந்த வரவேற்பைத் தமிழ்ல சொல்லுங்க.